"முழுசா கேளு" என்று சொல்பவர்கள்

இசை கேட்பவர்கள் இருவர் சந்தித்தால் "இப்போ என்ன கேட்டுக்கிட்டு இருக்கே?" என்று ஒருவர் கேட்பதும், மற்றவர் ஓர் ஆல்பத்தின் பெயரைச் சொல்லி "முழுசா கேளு" என்று வற்புறுத்துவதும் காலாவதியான பழக்கம் என்ற எண்ணம் பரவலாக ஊன்றிவிட்டது. ஆல்பம் என்ற வடிவம் செத்துவிட்டது, இனி தனித்தனிப் பாட்டுதான் என்கிறார்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பது உங்கள் நண்பரைவிட உங்கள் கைப்பேசிக்கு நன்றாகத் தெரியும் என்கிறார்கள். இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டால், ரசிகர்கள் தாங்கள் சமீபத்தில் கேட்டு மகிழ்ந்த ஆல்பங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வெறும் அரட்டை, மிஞ்சிப்போனால் ரசனைப் பெருமை என்ற முடிவுக்கு வந்துவிடலாம். பலர் வந்தும்விட்டார்கள். இந்த முடிவு தவறானது என்பதோடு, இசைக்குக் கேடானதும்கூட. ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு, ஏன் பிடித்தது என்ற காரணத்தோடு அதை இன்னொருவர் கையில் கொடுக்கும் ரசிகர் செய்கிற வேலையை எந்தச் செயலியும் இன்றுவரை செய்யவில்லை. அந்த வேலையைச் செய்வதற்காக அது கட்டப்படவும் இல்லை.

ஆல்பம் செத்துவிட்டது என்ற முதல் கூற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்.பி. தட்டை கொலம்பியா நிறுவனம் 1948-ல் அறிமுகப்படுத்தியது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலான அந்தச் சரக்கு 2022-ல் அமெரிக்காவில் எண்ணிக்கையில் சி.டி.க்களைவிட அதிகமாக விற்றது. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஒரே ஒரு பாட்டு வேண்டும் என்பவர் தட்டு வாங்குவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 நவம்பரில், பாடகி அடேல் தன் '30' ஆல்பத்தை வெளியிட்டபோது, ஆல்பங்களைக் கலைத்துப்போட்டு ஒலிக்கவிடும் பொத்தானை முகப்பிலிருந்து எடுக்கும்படி ஸ்பாட்டிஃபையிடம் கேட்டார். பாட்டுகளை யோசித்து வரிசைப்படுத்துகிறோம், அந்த வரிசையில் ஒரு கதை இருக்கிறது என்பது அவர் வாதம். நிறுவனம் ஏற்றுக்கொண்டு மாற்றியது. 2010-ல் பிங்க் ஃபிளாய்ட் குழுவினர், தங்கள் ஆல்பங்களை உடைத்து இணையத்தில் பாட்டு பாட்டாக விற்றதற்காக இ.எம்.ஐ. நிறுவனத்தின் மீது லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வென்றார்கள். செத்துப்போன ஒன்றுக்காக இத்தனை பேர் மல்லுக்கு நிற்க மாட்டார்கள்.

இரண்டாவது கூற்றுதான் கனமானது. செயலிக்கு உங்கள் ரசனை தெரியும் என்கிறார்களே, அந்தத் தெரிதல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினால் ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கு. அதற்கு முன் தாவிவிட்டால் கணக்கில் வராது. 2015-லிருந்து வாரந்தோறும் முப்பது பாட்டுகளைத் தொகுத்துத் தரும் அதன் பட்டியல், நீங்கள் கேட்பது போன்ற பாட்டுகளைக் கேட்பவர்கள் வேறு எவற்றைக் கேட்கிறார்கள், எவற்றை ஒன்றாகப் பட்டியலிடுகிறார்கள் என்பதைப் பெரிதும் நம்பி உருவாகிறது. இது திறமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அதன் அளவுகோல் பாட்டு. நீங்கள் தாவினீர்களா, தங்கினீர்களா என்பது அதற்குத் தெரியும். ஏன் தங்கினீர்கள் என்பது தெரியாது. ஐந்தாவது பாட்டு நான்காவதுக்குப் பின்னால் வருவதால்தான் அப்படித் தைக்கிறது என்பதும், முதல் கேட்பில் அலுப்பூட்டிய ஒன்று மூன்றாம் கேட்பில் ஆல்பத்தின் உயிராக மாறும் என்பதும் அதன் கணக்கில் பதிவாக வழியில்லை. முதல் முறை தாவியதுமே அது தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுகிறது.

நமக்கு நன்கு தெரிந்த ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மணிரத்னத்தின் 'இருவர்' 1997-ல் வந்தது. படம் வசூலில் தோற்றது. ஏ.ஆர்.ரஹ்மான் அதற்குச் செய்த பாட்டுகள் இன்று எப்படிக் கிடைக்கின்றன? உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடிய 'நறுமுகையே' கர்நாடக ராகத்தில் அமைந்த சினிமாப் பாட்டுகளின் பட்டியலுக்குப் போய்விடும். ஜாஸ் வாடையுள்ள 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' துள்ளல் பாட்டுகளோடு போகும். ஆஷா போஸ்லேயின் 'வெண்ணிலா வெண்ணிலா' இரவு நேரப் பட்டியலில் உட்காரும். 'கண்ணைக் கட்டிக்கொள்ளாதே' ஊக்கமூட்டும் பாட்டாகிவிடும். அங்கங்கே அவை இனிமையாகத்தான் ஒலிக்கும். ஆனால் ஒன்றாகக் கேட்டால்தான் ரஹ்மான் என்ன செய்திருக்கிறார் என்பது புரிகிறது. தமிழ் சினிமாப் பாட்டு நாட்டை ராகத்திலும் சங்கச் சொல்லிலும் காதல் சொன்ன காலத்திலிருந்து, மேடை நாயகனின் துடிப்பு வழியாக, மேற்கின் தாளம் உள்ளே நுழைந்த காலம்வரை நடந்த பயணத்தையே ஓர் இசையமைப்பாளர் தன் பாட்டுகளால் எழுதிக்காட்டியிருக்கிறார். 'பூக்கொடியின் புன்னகை'யில் வேண்டுமென்றே கேட்கிற பழைய படப் பாட்டின் சாயலுக்கு, பக்கத்தில் 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' இருப்பதால்தான் அர்த்தம் கூடுகிறது.

அதே ஆல்பத்தில் 'உன்னோடு நான் இருந்த' என்று ஒன்று இருக்கிறது. பாட்டு என்று சொல்லத் தயங்க வேண்டும், ஏனென்றால் மெட்டில் அடங்காமல் வைரமுத்துவின் வரிகளைப் பேசியே போகிறது. பிரகாஷ்ராஜ் ஏற்ற தமிழ்ச்செல்வன் பாத்திரத்துக்காக அரவிந்த்சாமியின் குரல். மேடைத் தமிழும் கவியரங்கமும் அரசியலாக மாறிய ஒரு தலைமுறையின் குரலைப் பாடகர்களால் காட்ட முடியாது. பேச்சால்தான் காட்ட முடியும் என்று முடிவெடுத்து அதை ஆல்பத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பாடகர்களின் குரலில் வாழ்ந்த நடிகர், இன்னொருவர் பேச்சில் வாழ்ந்த கவிஞர் என்ற படத்தின் அடிப்படை முரணே அந்த ஆல்பத்தில் பாட்டும் பேச்சுமாகப் பிரிந்து நிற்கிறது. காலை நடையின்போது கலந்து ஓடும் எந்தப் பட்டியலிலும் இது பிழைக்காது. முப்பது விநாடிக்குள் விரல் தாவிவிடும். "இருவர் ஆல்பத்தை முழுசா கேளு, நடுவில் கவிதை வரும்போது தாவிடாதே" என்று ஒரு மனிதர் சொன்னால் மட்டுமே அது பிழைக்கும். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் எச்சரிக்கையும் அக்கறையும் எந்தப் பரிந்துரைக் கணக்கிலும் இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். தமிழில் ஆல்பம் என்பது சினிமாவுக்குப் போட்ட ஐந்தாறு பாட்டுகளின் மூட்டை, அதற்கு வரிசையும் இல்லை, ஒருமையும் இல்லை, மேற்கத்திய ரசிகர்களின் பழக்கத்தை நம் தலையில் கட்டாதீர்கள் என்பார்கள். பெரும்பாலான படங்களுக்கு இது பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையில் அர்த்தம் உண்டு என்று தமிழ்க் காதுக்கு மேற்கிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வழிவகுத்த கச்சேரிப் பத்ததியில் வர்ணம் முதலில் வருவதற்கும், பிரதான ராகம் நடுவில் விரிவதற்கும், துக்கடாக்கள் கடைசியில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகு பாடப்படும் விருத்தம், அதையே முதலில் பாடினால் கிடைக்கும் விருத்தம் இல்லை. சபாவில் உட்கார்ந்திருக்கும் எந்த ரசிகருக்கும் இது தெரியும். சினிமாவுக்கு வெளியிலும் நம்மிடம் சான்று உண்டு. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' 1986-ல் வந்தது. தியாகராஜருக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின்தான் முதன்மைக் குரல். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியில், தனி வயலினுக்காக பாக் எழுதிய பார்ட்டிட்டா ஒன்றின் முகப்பு ஓடிக்கொண்டிருக்க, கமகம் நிறைந்த நம் வயலின் அதனோடு பேச வருகிறது. படமும் இல்லை, நடிகரும் இல்லை, பாடல் வரியும் இல்லை. அப்படிப்பட்ட ஒன்று இன்றுவரை புதிய காதுகளுக்குப் போய்ச்சேர்வதில், "கேட்டிருக்கியா?" என்று ஒருவர் இன்னொருவரிடம் கேசட்டாகவும் பிறகு சி.டி.யாகவும் கொடுத்ததற்குப் பெரும் பங்கு உண்டு.

எண்பதுகளில் ஊர்தோறும் இருந்த பாட்டுப் பதிவுக் கடைகளைச் சுட்டிக்காட்டி, தமிழர்கள் அப்போதே பிளேலிஸ்ட் போட்டவர்கள்தானே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்மையிலேயே ஆல்பங்களை உடைத்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலை எழுதியது ஒரு மனிதர். அறுபது அல்லது தொண்ணூறு நிமிடத்துக்குள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று உட்கார்ந்து முடிவெடுத்தார். ஏ பக்கம் எதில் முடிய வேண்டும், பி பக்கம் எதில் தொடங்க வேண்டும் என்று யோசித்தவர்களும் உண்டு. தானாக முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் இன்றைய ஓட்டத்துக்கு அது முன்னோடி கிடையாது. ஆல்பத்தைப் பரிந்துரைக்கும் ரசிகருக்குத்தான் அது உறவு.

ரசிகர்கள் கைமாற்றுவதால் என்ன ஆகிவிடப்போகிறது என்பவர்களுக்கு வரலாற்றில் அழுத்தமான பதில் உண்டு. டெட்ராய்ட் நகரத்துப் பாடகர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் 1970-ல் 'கோல்ட் ஃபேக்ட்' என்ற ஆல்பத்தையும், மறு ஆண்டு இன்னொன்றையும் வெளியிட்டார். அமெரிக்காவில் இரண்டும் விலைபோகவில்லை. நிறுவனம் அவரைக் கைவிட்டது. அவர் கட்டட இடிப்பு வேலைக்குப் போனார். அதே காலத்தில், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குள் 'கோல்ட் ஃபேக்ட்' எப்படியோ நுழைந்தது. போதைப்பொருளைப் பாடிய அதன் முதல் பாட்டை அரசு வானொலி ஒலிபரப்பவில்லை. நிலையத்தின் தட்டில் அந்தப் பாட்டு மட்டும் ஓடாதபடி கீறி வைத்திருந்ததைப் பின்னாளில் ஓர் ஆவணப்படமே காட்டியது. விளம்பரம் இல்லை, பாடகரைப் பற்றிய செய்தி இல்லை, அவர் மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற வதந்திதான் இருந்தது. ஆனாலும் அந்த ஆல்பம் நாடாவில் பதிவாகி வீட்டுக்கு வீடு போய், ஒரு தலைமுறை வெள்ளை இளைஞர்களின் எதிர்ப்புக் குரலாயிற்று. அவர் உயிரோடு இருப்பதையே ரசிகர்கள்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1998-ல் அவர் அங்கே போய் நிரம்பிய அரங்குகளில் பாடினார். அவரைப் பற்றிய அந்தப் படம், 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்', 2013-ல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. நிறுவனம், வானொலி, அரசு மூன்றுமே கைவிட்ட அல்லது தடுத்த ஓர் ஆல்பத்தைக் கேட்டவர்கள் மட்டுமே காப்பாற்றினார்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு ஈடான சான்று உண்டு. பம்பாய் சினிமாவில் வாத்தியக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளை இணைத்துச் செய்த அந்த ஒலி, சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையைக் கிட்டத்தட்ட அப்படியே முன்கூட்டிக் காட்டியது. அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு தட்டு சேகரிப்பாளர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்லியில் அதைக் கண்டெடுத்து, 2010-ல் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் கேட்டது. எழுபது வயதைத் தாண்டிய சிங் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார், 2015-ல் காலமானார். யாருடைய கேட்டல் வரலாற்றிலும் இல்லாத ஓர் ஆல்பத்தை எந்தக் கணக்கும் பரிந்துரைத்திருக்க முடியாது. அது தூசியில் கிடந்தது. ஒருவர் குனிந்து எடுத்தார். பிடித்துப்போனதால் மற்றவர்களிடம் சொன்னார்.

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த சான்றையும் மறைக்காமல் வைக்க வேண்டும். ஜப்பானியப் பாடகி மரியா தகேயுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' 1984-ல் வந்த பாட்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து யூடியூபின் தானியங்கிப் பரிந்துரை அதை உலகமெங்கும் கொண்டுபோனது. தாளவாத்தியக் கலைஞர் மிதோரி தகாதா 1983-ல் செய்த 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' ஆல்பத்துக்கும் அதே வழியில் புது வாழ்வு வந்தது. 2017-ல் மறுவெளியீடும் ஆயிற்று. ஆகவே இயந்திரமும் காப்பாற்றும் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் இயந்திரத்தின் கைக்கு அவை வந்தது எப்படி என்று ஒரு படி பின்னால் போய்க் கேளுங்கள். 'பிளாஸ்டிக் லவ்' பாட்டை 2017-ல் ஏற்றியது ஒரு ரசிகர். பாடகியின் நிறுவனம் அதற்கு முழு நீளக் காணொளி வெளியிட்டது பல கோடி முறை கேட்கப்பட்ட பிறகுதான். தகாதாவின் தட்டையும் சேகரிப்பாளர்கள்தான் பொக்கிஷமாகப் பாதுகாத்துப் பேசிவந்தார்கள். மனிதர் எடுத்துவைத்ததை இயந்திரம் பெருக்கியது. எடுத்துவைப்பவர்கள் ஓய்ந்துவிட்டால் பெருக்குவதற்கு ஏற்கெனவே பெருகியதுதான் மிஞ்சும்.

பெருக்குவதும் பாரபட்சமில்லாமல் நடப்பதில்லை. ஸ்பாட்டிஃபை 2020-ல் அறிவித்த ஒரு திட்டத்தில், பாட்டின் உரிமையாளர் குறைந்த உரிமைத்தொகைக்கு ஒப்புக்கொண்டால், சில தானியங்கி வரிசைகளில் அந்தப் பாட்டுக்குக் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். கேட்பவருக்குப் பிடிக்காததைத் திணிக்க மாட்டோம் என்று நிறுவனம் சொல்கிறது, அதை நம்பலாம். அப்படியும், அடுத்து என்ன வரும் என்பதில் பணமும் ஒரு காரணியாகிவிட்டது, கேட்பவருக்கு அது எந்தப் பாட்டு என்று தெரிவதும் இல்லை. நண்பர் ஓர் ஆல்பத்தைச் சொல்லும்போது தன் பெயரைப் பணயம் வைக்கிறார். நாலு தடவை மோசமானதைச் சொன்னால் ஐந்தாம் தடவை அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். செயலிக்கு அப்படிப் பெயர் கெடுவதில்லை.

மனிதர்களின் பரிந்துரை மந்தைத்தனம், ஒருவர் சொன்னதை நூறு பேர் சொல்வார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு ஆதாரமாக 2006-ல் 'சயன்ஸ்' இதழில் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். அறியப்படாத குழுக்களின் 48 பாட்டுகளை 14,000-க்கும் மேற்பட்டவர்கள் முன் வைத்தார்கள். மற்றவர்கள் எதை எத்தனை முறை தரவிறக்கினார்கள் என்று ஒரு பகுதியினருக்குக் காட்டினார்கள், இன்னொரு பகுதியினருக்குக் காட்டவில்லை. எண்ணிக்கை தெரிந்த இடத்தில் வென்றது இன்னும் பெரிதாக வென்றது, எது வெல்லும் என்பதும் கணிக்க முடியாததாயிற்று. நல்ல ஆய்வு. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் பார்த்தது எண்ணை மட்டும். "இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வித்தியாசமா இருக்கு, மூணாவது பாட்டிலிருந்து கவனி" என்று அங்கே யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆய்வு உண்மையில் குற்றம் சாட்டுவது, ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் லட்சக்கணக்கை ஒட்டிவைக்கும் இன்றைய செயலிகளைத்தான். காரணம் சொல்லிப் பரிந்துரைப்பவர் மறுக்கவும் இடம் தருகிறார்: டிரம்ஸ் பிடிக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம், சண்டை போடலாம். ஒரு கோடி என்ற எண்ணோடு சண்டை போட முடியாது.

ஆல்பத்தைப் புனிதப்படுத்துகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சி.டி. காலத்தில் ஒரு நல்ல பாட்டுக்காகப் பத்து சப்பைப் பாட்டுகளையும் சேர்த்து வாங்கவைத்தார்கள் என்பது உண்மை. அதன்மேல் மக்களுக்கு வந்த கோபம் நியாயம். அதனால்தான் எல்லா ஆல்பங்களையும் கேட்டுத்தீர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. முழுசாகக் கேட்கத் தக்கது எது, இரண்டு பாட்டோடு நிறுத்திவிடலாம் என்பது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். பத்துக் கோடிப் பாட்டுகள் விரல் நுனியில் கிடப்பதால் அந்த ஆளின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

ஆகவே நீங்கள் சமீபத்தில் கேட்டு மகிழ்ந்த ஆல்பத்தை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். யாராவது ஒருவரிடம் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். சுட்டியை மட்டும் அனுப்பிவிட்டு விடாமல், எந்த ஆண்டு வந்தது, யார் வாசித்தார்கள், எதிலிருந்து தொடங்கலாம், எந்த இடத்தில் பொறுமை வேண்டும், உங்களுக்கு ஏன் பிடித்தது என்று நாலு வாக்கியம் எழுதுங்கள். பதிலுக்கு அவர் ஒன்றைச் சொன்னால், உங்களுக்குப் பழக்கமில்லாத இசையாக இருந்தாலும், கடைசிப் பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டு, பிடித்ததா இல்லையா என்று அவரிடமே சொல்லுங்கள்.